டப்பாவில் அடங்காத பலாப்பழம்: சைக்கிள் பயணத்தில் வியப்பும் நன்றியும் பிறக்கும் விதம்

ஞாயிறுதோறும் விடியுமுன் வேலூரிலிருந்து பாகாயம், கணியம்பாடி வழியாக அமிர்திக் காடு வரை சைக்கிளில் சென்று திரும்புவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். திரும்பும் வழியில் டீக்கடையில் நிற்கும்போது, என்னைப் போலவே சைக்கிளில் வந்தவர்களின் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "மலையைப் பார்த்ததும் அப்படியே பிரமிச்சுப் போயிட்டேன்" என்பது ஒன்று. "இதையெல்லாம் பார்க்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்பது மற்றொன்று.

முதல் வாக்கியம் வியப்பைப் பற்றியது. இரண்டாவது நன்றியை நெருங்கி வருவது. இரண்டும் உண்மையான அனுபவத்திலிருந்தே எழுகின்றன. ஆனால் அந்த அனுபவத்தை விளக்க முற்படும்போது நாம் குழம்பிவிடுகிறோம். அழகான காட்சியால் வரும் மகிழ்ச்சிதான் வியப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். மனத்துக்குள் "நன்றி" என்று சொல்லிக்கொண்டால் அதுவே நன்றியுணர்வு என்று சிலர் நினைக்கிறார்கள். இவை எல்லாமே உடற்பயிற்சியால் வரும் உற்சாகம்தான் என்று முடித்துவிடுபவர்களும் உண்டு. வியப்பு, நன்றி, உற்சாகம் ஆகிய இம்மூன்றும் வேறு வேறானவை என்பதையும், வியப்பு எப்படி நன்றிக்கு வழிவிடுகிறது என்பதையும் புதிதாக அறிய விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

சமையலறையிலிருந்து தொடங்குவோம்

நம் வீட்டு அலமாரியில் கடுகுக்கு ஒரு டப்பா, சீரகத்துக்கு ஒரு டப்பா, மிளகாய்த்தூளுக்கு ஒரு டப்பா என்று வரிசையாக இருக்கும். கடையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுவதற்கு யோசனை எதுவும் தேவைப்படுவதில்லை. கை தானாகவே உரிய டப்பாவைத் தேடிப் போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜவ்வாது மலையிலிருந்து ஒரு சொந்தக்காரர் முழுப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த டப்பாவிலும் அது அடங்காது. ஒரு கணம் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள். பிறகு தரையை ஒழித்து, கோணியை விரித்து, கத்தியில் எண்ணெய் தடவி உட்காருவார்கள். அன்றைக்குச் சமையலறையின் ஒழுங்கே மாறிப்போகும்.

மனமும் இப்படித்தான் வேலை செய்கிறது. காணும் பொருள்களை வகைப்படுத்திப் புரிந்துகொள்ள நாம் சேர்த்து வைத்திருக்கும் அறிவின் வார்ப்புகளை மனச்சட்டகம் என்று சொல்லலாம். அவைதான் மனத்தின் டப்பாக்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகள் வளர்வதை ஆராய்ந்தபோது இரண்டு செயல்களைப் பிரித்துக் காட்டினார். புதிய பொருளை இருக்கும் சட்டகத்துக்குள் போட்டுக்கொள்வது ஒன்று; பொருள் அடங்காதபோது சட்டகத்தையே மாற்றிக்கொள்வது மற்றொன்று. இந்த இரண்டாவது செயலைச் சட்டக விரிவு என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

2003ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் பியாஜேயின் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு வியப்புக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். அவர்கள் கூறியபடி வியப்புக்கு இரண்டு கூறுகள் தேவை. எதிரே உள்ளது நம் வழக்கமான அளவுகளை மீறிப் பெரிதாகத் தோன்ற வேண்டும். அதை உள்வாங்கச் சட்டகம் விரிய வேண்டிய கட்டாயம் எழ வேண்டும். பெரியது என்றால் உருவத்தில் மட்டும் பெரியது என்று பொருளல்ல. காலத்திலோ, நுட்பத்திலோ, ஆற்றலிலோ பெரியதாகவும் இருக்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், வியப்பு என்பது கண்ணுக்கு இதமானதைக் கண்டு மகிழ்வதல்ல; மனத்தின் டப்பாவில் அடங்காத ஒன்று வந்து, மனம் தன்னை அகலமாக்கிக்கொள்ளும் நேரத்தில் பிறக்கும் உணர்ச்சி.

தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்கள்

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஏனெனில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், வியப்பை மருட்கை என்ற பெயரில் மெய்ப்பாடுகள் எனப்படும் எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே" என்று கூறுகிறது. மதிமை சாலா என்றால் அறிவுக்கு அடங்காத, அறிவு போதாமற்போகிற என்று பொருள். சட்டக விரிவுக்கான தேவையைத் தமிழில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். பெரிதாயிருத்தல் என்ற பொருளில் வரும் பெருமை மட்டுமன்றி, சிறிதாயிருத்தல் என்ற சிறுமையும் வியப்புக்குக் காரணம் என்று பட்டியலிட்ட கூர்மை என்னை இன்றும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. இந்த நான்கையும் எங்கள் வட ஆர்க்காட்டுச் சாலைகளிலேயே காணலாம்.

பெருமைக்கு வெகுதூரம் போக வேண்டாம். வேலூரைச் சுற்றி நிற்கும் மொட்டைக் குன்றுகளின் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருவானது. இமயமலை எழத் தொடங்கியே ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. வெயிலைக் கிளப்பிவிடுகிறது என்று கோடையில் நாம் சலித்துக்கொள்ளும் அந்தப் பாறை, இமயமலையைவிடப் பல மடங்கு மூத்தது. குன்றின் நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாறைமேல் உள்ளங்கையை வைத்து இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். 250 கோடி ஆண்டுகளைப் போட்டு வைக்க எந்த மனத்திலும் டப்பா இல்லை.

சிறுமைக்கு என் வழியில் ஒரு கிணறு இருக்கிறது. அதன் மேல் சாய்ந்து நிற்கும் ஈச்சமரத்தில் மழைக்காலம் வந்தால் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும். ஒரு நாள் இறங்கி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண் குருவி நீண்ட புல்லின் ஓரத்தை அலகால் கீறி, நாராகக் கிழித்து எடுத்துப் பறந்து வருகிறது. ஒரு காலால் நாரை அழுத்திக்கொண்டு, அலகால் நுனியைத் துளைக்குள் செருகி, மறுபக்கம் போய் இழுத்து இறுக்குகிறது. இப்படி நூற்றுக்கணக்கான முறை போய் வந்து பின்னினால், கவிழ்த்த தொப்பி போன்ற அரைக்கூடு தொங்கும். அந்த நிலையில் குருவி வேலையை நிறுத்திச் சிறகடித்துப் பெண் குருவிகளை அழைக்கிறது. ஒரு பெண் குருவி வந்து உள்ளே அமர்ந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான், முட்டையிடும் அறையும் கீழ்நோக்கிய நுழைவுக் குழலும் கட்டப்படும். ஏற்காவிட்டால் தொப்பி தொப்பியாகவே காய்ந்துவிடும். கைக்குள் அடங்கும் உயிர் ஒன்றுக்குள் இத்தனை நெசவு எப்படி அடங்கியது என்ற கேள்வியோடுதான் அன்றைக்குச் சைக்கிளில் ஏறினேன்.

ஆக்கம் என்பது ஒன்று வேறொன்றாக மாறுவது. பாலாறு என்ற பெயரைக் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு மணல்வெளிதான் நினைவுக்கு வரும். 2021 நவம்பரில் அதே பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, மக்கள் திரண்டு வந்து பாலங்களிலும் கரைகளிலும் நின்று பார்த்தார்கள். அந்த வியப்பில் அச்சமும் கலந்திருந்தது. பலருக்கு அது இழப்பையும் கொண்டுவந்தது. வியப்பு எப்போதும் இனிமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

புதுமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதன்முறை பார்க்கும் எதற்கும் அந்த வலிமை உண்டு. விரைவில் தீர்ந்துபோவதும் அதுதான்.

வியப்போடு குழம்பும் இரண்டு உணர்ச்சிகள்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் மிதித்து ஏறிவிட்டால் நெஞ்சு நிமிர்கிறது. அது பெருமிதம். உச்சியில் குளிர்காற்று முகத்தில் பட்டு, சூடான டீ தொண்டையில் இறங்கும்போது வருவது உவகை. இரண்டும் நல்ல உணர்ச்சிகளே. தொல்காப்பியமும் இவற்றை மருட்கையிலிருந்து பிரித்துத் தனித்தனி மெய்ப்பாடுகளாகவே வைத்திருக்கிறது. வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் மனத்தின் நடுவில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். பெருமிதத்தில் "நான் ஏறினேன்" என்று நானே நிற்கிறேன். உவகையில் என் உடலும் நாவும் நிற்கின்றன. மருட்கையில் மலை நிற்கிறது, நான் ஓரமாகிவிடுகிறேன்.

இதற்குச் சைக்கிள் எப்படி உதவுகிறது

கணியம்பாடியைத் தாண்டி மலையை நோக்கித் திரும்பியதும் ஒன்றைக் கவனிக்கலாம். சாலையோரப் புளியமரம் சட்டென்று பின்னால் ஓடுகிறது. அதற்கப்பால் உள்ள கரும்புத் தோட்டம் மெல்ல நகர்கிறது. ஜவ்வாது மலை நகர்வதே இல்லை. நாம் நகரும்போது அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் இடம் மாறுவதாகத் தெரிவதை இடமாறு தோற்றம் என்கிறோம். தொலைவையும் பருமனையும் மூளை அளந்துகொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று. நின்ற இடத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் மலை வெறும் நீலக்கோடாகத் தெரிவதற்கு, இந்த நகர்வு அதில் இல்லாததும் ஒரு காரணம்.

பேருந்திலும் மோட்டார் பைக்கிலும்கூட இதே இடமாறு தோற்றம் உண்டே என்று கேட்கலாம். உண்டு; ஆனால் சைக்கிளில் அதோடு உடலின் உழைப்பும் சேர்ந்துகொள்கிறது. பத்து நிமிடம் மூச்சிரைக்க மிதித்த பிறகும் மலை அதே இடத்தில் அதே அளவில் நிற்கும்போது, அதன் பெருமையைக் கண்ணோடு சேர்ந்து காலும் அளந்துவிடுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது ஊரைக் கடக்கப் போதுமான வேகம். குருவிக்கூட்டைத் தவறவிடாத வேகமும்கூட.

தோலும் அளக்கிறது. ஏரிக்கரையிலிருந்து தாழ்வான பகுதிக்குச் சாலை இறங்கும்போது விடியற்காலையில் திடீரென்று குளிர் வந்து முழங்காலைத் தொடும், மேடேறியதும் போய்விடும். இரவில் தரை தன் வெப்பத்தை இழக்க, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதே இதற்குக் காரணம். கண்ணுக்குத் தெரியாத குளம் ஒன்றுக்குள் இறங்கி ஏறுகிறோம். காருக்குள் இருப்பவர் இந்தக் குளத்தை அறிய வழியில்லை.

கவனம் ஓய்வெடுப்பதும் ஒரு காரணம். அலுவலகக் கணக்கைப் பார்க்கும்போதும் நெரிசலில் வண்டி ஓட்டும்போதும் நாம் கவனத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அது களைக்கும். மேகம், இலை, நீர் போன்றவை கவனத்தை வற்புறுத்தாமல் தாமாக இழுத்துக்கொள்கின்றன. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற உளவியலாளர் இணையர் 1989இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார்கள். அமிர்திச் சாலையில் வண்டிகள் குறைவு என்பதால்தான் இந்த ஓய்வு கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அதை எதிர்பார்ப்பது சரியல்ல, ஆபத்தும்கூட.

சுருக்கமாகச் சொன்னால், கண்ணும் காலும் தோலும் சேர்ந்து அளந்து "இது நம் அளவுக்கு மேல்" என்ற ஒரே செய்தியை மனத்துக்கு அனுப்புகின்றன. களைக்காத மனம் அதைக் கேட்டுக்கொள்கிறது.

"நான்" சிறுக்கும்போது நடப்பது

வியப்பில் நம்மை நாமே சிறியவராக உணர்வதைச் சிறுத்த தன்னுணர்வு என்று சொல்லலாம். தாழ்வு மனப்பான்மை வேறு. தாழ்வு மனப்பான்மையில் மனம் நம்மையே சுற்றிச் சுற்றி வந்து குறை காண்கிறது. இங்கோ நம்மைப் பற்றிய பேச்சே அடங்கிவிடுகிறது.

பால் பிஃப் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் வானுயர்ந்த யூகலிப்டஸ் மரங்கள் அடர்ந்த தோப்பு ஒன்று உண்டு. மாணவர்களில் சிலரை ஒரு நிமிடம் அம்மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்களை அதே இடத்திலிருந்து எதிர்ப்பக்கக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர் ஒருவர் கைதவறியதைப் போலப் பேனாக்களைக் கீழே கொட்டினார். மரத்தைப் பார்த்தவர்கள் கூடுதலான பேனாக்களை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிமிடந்தான் அண்ணாந்து பார்த்திருந்தார்கள். தன்னைப் பற்றிய கவனம் தளர்ந்தால் அந்த இடத்தில் பிறர் வந்து அமர முடிகிறது. நன்றி நுழையும் கதவும் இதுவே.

நன்றி வேறு, மொய் நோட்டு வேறு

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் நோட்டு முக்கியமானது. யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி, அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பி வைக்க வேண்டும். இது கடன், சமூகத்துக்குப் பயன்படும் நல்ல ஏற்பாடு. ஆனால் நன்றியுணர்வு கடனுணர்வல்ல. "கொடுத்து வைத்தவன்" என்று நாம் சொல்வதும் ஒருவகையில் மொய்க்கணக்குத்தான். முன்பு நான் கொடுத்து வைத்தது இப்போது எனக்குத் திரும்பி வருகிறது என்பதே அதன் அடிப்பொருள். அதில் காரணம் மறுபடியும் நானாகிவிடுகிறேன்.

நன்றியுணர்வை நீண்டகாலம் ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் எம்மன்ஸ் அதற்கு இரண்டு படிகள் உண்டு என்கிறார். என் வாழ்வில் ஒரு நன்மை வந்திருக்கிறது என்று அறிவது முதற்படி. அந்த நன்மையின் ஊற்று, முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ, எனக்கு வெளியே இருக்கிறது என்று அறிவது இரண்டாம் படி. வள்ளுவர் தம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்றே பெயர் வைத்திருக்கிறார். அங்கே நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. நம் வேலை அதை அறிவது. அறியாமல் வாயால் மட்டும் சொல்லும் நன்றி இதில் சேராது.

மழைக்கும் மலைக்கும் நாம் எதைத் திருப்பித் தர முடியும்? "கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றும் கொல்லோ உலகு" என்ற குறள் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. திருப்பித் தர முடியாத இடத்தில் மொய் நோட்டை மூடி வைக்க வேண்டியிருக்கிறது. இயற்கையின் முன் நன்றியுணர்வு கடனுணர்வோடு கலவாமல் தெளிவாகப் பிறப்பதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதை எனக்கு நேரில் கற்றுத் தந்தவர் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். அமிர்திக்கு முன்னால் சீமைக் கருவேல முள் குத்தி என் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. பையில் பேட்ச் இருந்தது. சொல்யூஷன் ட்யூப் காய்ந்து கட்டியாகியிருந்தது. தள்ளிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, "இன்னா தம்பி, முள்ளு பூந்துச்சா? வெயிலு ஏறுது, இந்தா, ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போ" என்று தூக்கிலிருந்த கேழ்வரகுக் கூழை மூடியில் ஊற்றி நீட்டினார். மோர் கலந்து, சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்ட கூழ். குடித்துவிட்டு 50 ரூபாயை எடுத்து, "ஐயா, இதை வெச்சுக்குங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "கூழுக்கா காசு?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். மொய் நோட்டைத் திறக்கக் கூடாத இடத்தில் நான் திறந்துவிட்டேன். பெற்றுக்கொண்டதைப் பெற்றுக்கொண்டதாகவே ஏற்று நிற்பதுதான் அங்கே எனக்கு இருந்த ஒரே வேலை. அதைச் செய்யத் தெரியவில்லை.

இயற்கையை மட்டும் பார்த்து அதன் பின்னால் உள்ள மனிதர்களை மறப்பதும் நன்றியில் ஒரு குறைதான். ஜவ்வாது மலையில் பிறந்து இப்பகுதியில் ஓடும் நாகநதி பல காலம் வறண்டு கிடந்தது. கணியம்பாடி வட்டாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்ந்து, நீர் வரும் வழிகளில் தடுப்பணைகளும் செறிவூட்டு கிணறுகளும் அமைத்தார்கள். இக்கிணறுகள் நீரை இறைப்பதற்கானவை அல்ல. வழிந்தோடும் மழைநீரை உறைகளின் வழியே நிலத்தடிக்கு இறக்கிவிடுபவை. நிலத்தடி நீர் உயர்ந்தால் கிணறுகள் ஊறும், ஆற்றிலும் ஈரம் நிலைக்கும். சாலையோரப் பசுமையைக் கண்டு வியந்த பிறகு, அந்தப் பசுமைக்குள் யாருடைய கூடையும் மண்வெட்டியும் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதும் செய்ந்நன்றி அறிதலே.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். துயரத்தில் இருப்பவரிடம் "இருப்பதை நினைத்து நன்றியோடு இரு" என்று சொல்வது நன்றியைக் கற்பிப்பதாகாது. அவர் துயரத்தைக் கேட்க மறுப்பதாகும். அறிதல் உள்ளிருந்து வர வேண்டும். கட்டளையிட்டு வரவழைக்க முடியாது.

பழகிப்போன சாலையில் வியப்பு மீள்வது எப்படி

எந்த நன்மையும் தொடர்ந்து கிடைத்தால் மனம் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. இதைப் பழகிப்போதல் என்கிறோம். பலாப்பழத்துக்கென்று ஒரு மூலை ஒதுக்கிவிட்டால் அடுத்த பலாப்பழம் யாரையும் நிறுத்தாது. அதனால்தான் பலர் ஒவ்வொரு வாரமும் புது இடம் தேடி ஓடுகிறார்கள். புதுமை நான்கில் ஒன்றுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மற்ற மூன்றுக்கும் பழைய சாலையே போதும். நான் கடைப்பிடிப்பது மிக எளியது. காதில் பாட்டு மாட்டுவதில்லை. போகும் வழியில் எனக்குப் புரியாத ஏதேனும் ஒன்றைத் தேடி அங்கே இறங்குவேன். புகைப்படம் எடுப்பதானால் பார்த்து முடித்த பிறகுதான். வீடு திரும்பியதும் ஒரு நோட்டில் அன்று வழியில் கிடைத்தவற்றை, கொடுத்தவர் இன்னார் என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுவேன். 2003இல் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை இப்படி எழுதியவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். கூழ் என்று ஒரு வரி என் நோட்டில் இருக்கிறது. எதிரே தொகை இல்லை.

சென்ற ஞாயிறு அந்தக் கிணற்றருகே மறுபடியும் இறங்கினேன். தொப்பி நிலையில் விட்டிருந்த மூன்று கூடுகளில் ஒன்றுக்குப் பச்சை நாரில் நுழைவுக் குழல் நீண்டிருந்தது. மற்ற இரண்டும் பழுப்பேறிக் காற்றில் ஆடின. பக்கத்துக் கிளையில் ஓர் ஆண் குருவி, வாயில் புதிய நாரோடு வந்து, நான்காவது கூட்டின் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது.